சூரியக் கரடி கூட்டிய முப்பத்தொரு கூட்டங்கள்

"மூடறதுக்கு ஒரு பூட்டு போதும், பாக் பொனிமான். திறக்கறதுக்குத்தான் தலைமை வேணும்."

"ஆமாங்க பாக்."

"இப்ப உலகமே மூடிக் கிடக்கு. நாளைக்கு எப்படித் திறக்கறதுன்னு தெரியாம எல்லா நாடும் முழிக்கும். அப்ப எங்க பார்க்கும் சொல்லுங்க?"

"எங்கங்க பாக்?"

"சும்பர்வாரு விலங்குப் பூங்காவப் பார்க்கும்."

"பார்க்கட்டுங்க பாக்."

"சரி, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க பாக். சும்மா பாத்துட்டுப் போலாம்னு. நேத்து நல்ல மழை."

ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்த இந்த உரையாடல், சொல் பிசகாமல் விலங்குக் காப்பாளர் பொனிமானுக்கு நினைவிருந்தது. உலகம் சும்பர்வாருவைத் திரும்பிப் பார்க்கப்போகிற அந்தச் செய்தியை முதன்முதலில் கேட்ட மனிதர் அவர்தான். அந்தப் பெருமை அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் இயக்குநர் விர்யவானின் அறைக்குப் போனது உலகத்துக்காக இல்லை. 'கரடிக்குப் பசி' என்ற இரண்டே சொற்களைச் சொல்வதற்காக. அந்த இரண்டும் தொண்டைக்குழி வரை வந்து, அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்துவிட்டன.

இதில் பொனிமானைக் குறை சொல்ல முடியாது. ஜாவாத் தீவின் சும்பர்வாருவில் மேலதிகாரியும் 'பாக்', பெற்ற அப்பாவும் 'பாக்'. இருவரையும் ஒரே சொல்லால் கூப்பிடும் ஊரில், வாய்விட்டுக் கேட்பது என்பது 'உங்களுக்கு இதுகூடத் தெரியவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். நல்ல பிள்ளை கேட்காது. எதிரே போய் நிற்கும். நல்ல தகப்பன் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். தலைமுறை தலைமுறையாகப் பிசகில்லாமல் நடந்துவரும் ஏற்பாடு இது. ஒரே ஒரு குறை, இதை யாரும் கரடிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரடியின் பெயர் மெனிக். சூரியக் கரடி. நெஞ்சில் மஞ்சள் பிறை. பதினோரு வருடங்களுக்கு முன்னால், திருட்டுத்தனமாக வளர்த்தவர்களிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்தபோது ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. பொனிமான்தான் புட்டியில் பால் கொடுத்து ஆளாக்கினார். மார்ச் மாதம் தொற்று வந்து பூங்காவின் கதவு பூட்டப்பட்ட மறுவாரமே தீவனம் பாதியானது. பார்க்க ஆளில்லாத விலங்குக்குப் பாதி வயிறு போதும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படவில்லைதான். ஆனால் நல்ல நிர்வாகம் எழுதாமலே நடக்கும்.

"கேட்டீங்களா, பாக்கே?" என்றாள் துமினி அன்று மாலை. பிள்ளைகளின் அப்பா என்பதால் அவளுக்கும் அவர் 'பாக்'தான். கொஞ்சம் உரிமை சேர்த்து 'பாக்கே'.

"போய் நின்னேன்."

"நின்னீங்க, சரி. கேட்டீங்களா?"

"ரொம்ப நேரம் நின்னேன்."

"என்ன பேசினீங்க?"

"மழையப் பத்தி."

துமினி அகப்பையை அடுப்பு மேடையில் வைத்தாள். "எங்கப்பாகிட்டயும் அதத்தான் பேசினீங்க. என்னப் பொண்ணு கேக்கன்னு நாலு தடவ வந்தீங்க. நாலு தடவயும் மழை, நெல்லு, மறுபடி மழை. அஞ்சாவது தடவ எங்கப்பாவே, 'தம்பி, மழை போதும், பொண்ணக் கூட்டிட்டுப் போ'ன்னு சொல்லலேன்னா, நான் இன்னமும் அந்த வீட்லதான் கெடப்பேன்."

"கேக்காமலே கெடச்சுதா இல்லியா?"

"எனக்கு அப்பா இருந்தாரு. மெனிக்குக்கு யாரு இருக்கா?"

"கேட்டா அவரு சங்கடப்படுவாரு, துமினி."

"கரடி சங்கடப்படலியா?"

பொனிமான் மண்வெட்டியை எடுத்தார். வீட்டுக் கொல்லையில் இருந்த மரவள்ளிக் கிழங்கைத் தோண்டி எடுத்துப் போனார். மே மாதத்துக்குள் கொல்லை காலியானது. மாதம் ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து வரும் மருத்துவர் மெனிக்கின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்படியே இன்னும் ரெண்டு மாசம் போச்சுன்னா, இந்தக் கூண்டுல பேர்ப்பலகைய மாத்திட வேண்டியதுதான்" என்றார். அவரும் ஜாவாக்காரர். இதற்கு மேல் கடுமையாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, பூங்காவைத் திறப்பதற்கான குழுவை இயக்குநர் அமைத்தார். 'தொற்றுக்காலப் பாதுகாப்பான மறுதிறப்புக்கான ஒருங்கிணைந்த முன்னேற்பாட்டுக் குழு' என்று பெயர். பெயரை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் முகக்கவசம் ஈரமாகிவிடும். ஆகவே அதற்கு ஒரு சுருக்கப்பெயர் வைக்க வேண்டும் என்று முதல் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது.

பொனிமான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் என்றால் வெள்ளை அட்டைப் பெட்டி உண்டு. இந்தச் சட்டத்தை யாரும் இயற்றவில்லை, மீறியவரும் கிடையாது. பெட்டிக்குள் கோழிக்கறி வைத்து வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிச் சுருள், ஒரு பொரித்த தோசைச் சுருள், ஏழு நிறத்தில் அடுக்குப் பணியாரம், ஒரு வாழைப்பழம், ஒரு பிடி அவித்த வேர்க்கடலை, கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாய். பொனிமான் பெட்டியைத் திறக்கவில்லை. கூட்டத்துப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போவது கௌரவமான காரியம். பெண்டாட்டி பிள்ளைக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

மெனிக் ஐந்து நிமிடத்தில் பெட்டியை முடித்தது. இலையைப் பிரித்து, சுருளைத் தின்று, நீண்ட நாக்கால் மூலைமுடுக்கெல்லாம் துழாவி, மிளகாயை மட்டும் இரண்டு நகத்தால் எடுத்துக் கூண்டின் ஓரத்தில் வைத்தது. சரியாக இயக்குநர் வைப்பதைப் போலவே.

மறுநாள் அதே நேரத்தில் அது கம்பியருகே வந்து எழுந்து நின்றது. முன்கால்கள் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துவைத்துக்கொண்டு பொனிமானின் கைகளைப் பார்த்தது. கைகள் வெறுமையாக இருந்தன. அன்று கூட்டம் இல்லை.

இரண்டாவது கூட்டம் சுருக்கப்பெயருக்கானது. அது முடிகிற நேரம். "வேற ஏதாவது உண்டா?" என்று இயக்குநர் வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல எல்லோரும் பெட்டியை மூடத் தொடங்கினார்கள். அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் அந்தக் கை கூட்டத்தில் உயர்ந்ததே இல்லை.

"பாக், மன்னிக்கணும். ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க."

"பார்வையாளருக்கும் விலங்குக்கும் ரெண்டு மீட்டர் இடைவெளின்னு சொன்னீங்க. நம்ம ஒட்டகத்துக்குக் கழுத்தே ஒண்ணரை மீட்டர் இருக்கு. இடைவெளிய நெஞ்சிலேருந்து அளக்கறதுங்களா, மூக்கிலேருந்துங்களா?"

 குறிப்பெழுதும் இபு ரெத்னோவின் பேனா நின்றது. ஆண்களுக்குப் 'பாக்' போல, பெண்களுக்கு அங்கே 'இபு'. இயக்குநர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தீங்களா?" என்றார் குரல் தழதழக்க. "இத நாம யாருமே யோசிக்கல. நெஞ்சிலேருந்து அளந்து திறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? பாக் பொனிமான், ஒட்டகத்துக்குன்னு ஒரு துணைக்குழு. நீங்கதான் ஒருங்கிணைப்பாளர். எப்ப கூடலாம்?"

"வியாழக்கிழமை தோதுப்படுங்களா, பாக்?"

வியாழன் என்று சொன்னதில் ஒரு நுட்பம் இருந்தது. இயக்குநர் திங்களும் வியாழனும் நோன்பு இருப்பவர். அந்த நாட்களில் அவருடைய பெட்டி தொடப்படாமல் மேசையிலேயே இருக்கும். இபு ரெத்னோவோ அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம் என்று உடம்பைக் குறைத்துக்கொண்டிருந்தாள். ஆக, ஒரு வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று பெட்டி.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழுவதே நாகரிகமில்லை என்று வளர்ந்த பொனிமான் அழாமலே பால் வாங்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு வேண்டியதெல்லாம் கூட்டத்துக்கு ஒரு சந்தேகம்.

அதன் பிறகு சும்பர்வாருவின் நிர்வாக வரலாற்றில் பொற்காலம் தொடங்கியது.

ஒன்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களும் அறுபதுக்கு மேலே இருப்பவர்களும் பூங்காவுக்குள் வரக்கூடாது என்று குழு முடிவு செய்த நாளில், பொனிமானின் கை மறுபடி உயர்ந்தது.

"பாக், நம்ம முதலைக்கு அறுபத்திரண்டு வயசு."

"அதனால?"

"அறுபதுக்கு மேல யாரும் வளாகத்துக்குள்ள இருக்கக் கூடாதுன்னு இப்பத்தான எழுதினோம்?"

இயக்குநர் இபு ரெத்னோவைப் பார்த்தார். இபு ரெத்னோ தான் எழுதியதைப் பார்த்தாள். 'யாரும்' என்றுதான் எழுதியிருந்தது. முதலைக்கு விலக்குக் கோரி மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அங்கிருந்து முதலையின் அடையாள அட்டை எண்ணைக் கேட்டுப் பதில் வந்தது. அந்த ஒரு முதலை நான்கு கூட்டங்களைத் தாங்கியது. ஒரு கரடியை இரண்டு வாரம் உயிரோடு வைத்த முதலை என்ற பெருமை அதற்கு உண்டு. கல்வெட்டில் இல்லாவிட்டாலும் இங்கே பதிவாகட்டும்.

சிறு பிள்ளைகள் இல்லாமல் விலங்குப் பூங்காவுக்கு யார் வருவார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பொனிமானுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைத்துவிடும். உடனே பதில் கிடைக்கும் கேள்வியால் கரடிக்கு என்ன பயன்?

ஜூன் கடைசியில் ஒத்திகை நடந்தது. ஊழியர்களே பார்வையாளர்களாக நடிக்க வேண்டும். அழும் குழந்தையாகக் காவலாளி சுராடி நியமிக்கப்பட்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது, பெரிய மீசை. முகக்கவசத்துக்கு மேல் மீசையின் இரு முனைகள் மட்டும் தெரிந்தன.

"அழுங்க பாக் சுராடி," என்றாள் இபு ரெத்னோ.

"எதுக்கு இபு அழணும்?"

"புலியப் பக்கத்துல போய்ப் பாக்கணும்னு அடம்பிடிக்கிறீங்க."

"நான் தெனம் ராத்திரி அதும்பக்கத்துலதான படுக்கறேன்?"

"நீங்க இப்போ குழந்தை."

"ஒன்பது வயசுக்குக் கீழ உள்ள விடமாட்டோமே இபு? நான் எப்படி உள்ள வந்தேன்?"

கூட்டத்தில் சலசலப்பு. பொனிமான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'ஒத்திகையில் விதிமீறி நுழைந்த குழந்தை குறித்து விசாரணைக் குழு' தானாகவே அமைந்தது. இரண்டு கூட்டம். பொனிமான் அன்று முழுக்கச் சுராடியை ஒரு மகானைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

ஒரே சமயத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று சோதிக்க, மாவட்ட அலுவலகத்திலிருந்து எண்பத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைப் பெட்டி. அவர்கள் பாதி கடித்து வைத்துவிட்டுப் போனதைப் பொனிமான் ஒரு சாக்கில் சேகரித்தார். "குப்பையக்கூட இவரே அள்ளறாரு பாருங்க," என்று இயக்குநர் விருந்தினர்களிடம் காட்டினார். "என்ன அர்ப்பணிப்பு!"

அன்றிரவு துமினி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "இருபத்தஞ்சு வருஷமா எங்கிட்ட ஒரு காப்பிகூட வாயத் தொறந்து கேட்டதில்ல. கூட்டத்துல கேள்வி மேல கேள்வியாக் கேக்கறீங்களாம். ஊரே பேசுது."

"கரடிக்காகத்தான."

"அப்ப கரடியப் பத்திக் கேக்க வேண்டியதுதான? ஒட்டகத்தக் கேட்டாச்சு, முதலயக் கேட்டாச்சு."

"அதெல்லாம் சந்தேகம். இது கோரிக்கை. ரெண்டும் வேற வேற."

"மெனிக்கு தேறிடுச்சா?"

பொனிமான் சோற்றைப் பிசைந்தார். அதுதான் அவருக்குப் புரியவில்லை. இத்தனை பெட்டி போயும் கரடி தேறவில்லை. ஏனென்றால் தீவன வண்டி வருவது குறைந்துகொண்டே வந்தது. ஏப்ரலில் வாரம் மூன்று நடை வந்த வண்டி, ஒட்டகத் துணைக்குழு அமைந்தபோது இரண்டானது. முதலைக் கடிதம் போனபோது ஒன்றானது. வண்டி ஒரு நடை குறைந்தால் பொனிமான் ஒரு கூட்டம் கூட்டுவார். கூட்டம் கூடினால் வண்டி இன்னும் குறையும். ஏதோ காலக்கொடுமை என்று நினைத்துக்கொண்டார். தொற்றுக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

ஜூலையில் ஒரு பேராபத்து வந்தது. இபு ரெத்னோ எழுந்து, "பாக், மத்த ஆபீஸ்லல்லாம் கூட்டத்த கைபேசியிலயே நடத்தறாங்க. அவங்கவங்க வீட்லேருந்தே. நாமளும் மாறிட்டா என்ன?" என்றாள்.

பொனிமானின் கண் முன்னால் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாகச் சிறகு முளைத்துப் பறந்தன. கை உயர்த்தக்கூட மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

"பாக்! இடைவெளி விட்டு உக்காருங்கன்னு ஊருக்குச் சொல்லப்போறோம். அந்தக் கூட்டத்தயே நாம இடைவெளி விட்டு உக்காந்து நடத்திக் காட்டலேன்னா ஜனங்க நம்மள நம்புவாங்களா? வீட்ல தனியா உக்காந்துட்டு எதுலேருந்து பாக் இடைவெளி விடறது? செவுத்துலேருந்தா?"

இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோன்பு நாள் வேறு. "இந்த ஒரு மனுஷன் போதும்," என்றார். "இனிமே இவர்தான் நெறிமுறைத் துணைத்தலைவர்."

அன்று கூட்டம் கலைந்ததும் இயக்குநர் அவரைத் தனியாக நிறுத்தினார். "நானும் பாத்துட்டு வர்றேன். உங்களுக்கு ஏதோ மனசுல இருக்கு. என்ன வேணும், கூச்சப்படாமக் கேளுங்க."

இதோ, வாய்ப்பு வாசலில் வந்து நின்றது. உள்ளே வா என்று சொல்வதுதான் பாக்கி. பொனிமானுக்கு நெற்றி வியர்த்தது. தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க பாக். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் மழை கொஞ்சம்..."

"ஆமா, கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு," என்றார் இயக்குநர். தனக்குக் கீழே இருப்பவர்களின் மனசைப் படிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற திருப்தியோடு காரில் ஏறினார்.

கூண்டின் ஓரத்தில் பச்சை மிளகாய்கள் காய்ந்து குவிந்திருந்தன. பின்னால் யாராவது இந்தக் குழுவின் பணிகளைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினால், இபு ரெத்னோவின் குறிப்பேட்டைவிட அந்தக் குவியல் நம்பகமானது.

ஜூலை கடைசி வாரம், திறப்பு விழா. எழுபத்திரண்டு விதிகள். மாகாணத்திலேயே அதிக விதிகள் கொண்ட பூங்கா என்று பாராட்டுப் பத்திரம் கொடுக்கத் தலைநகரிலிருந்து இபு ஹெர்மின் என்ற பெரிய அதிகாரி வந்திருந்தார். வாசலிலிருந்து மேடை வரை பதினேழு பேனர்கள். ஒவ்வொன்றிலும் இயக்குநர் முகக்கவசம் அணிந்து புன்னகைத்தார். புன்னகை என்பது கண்ணிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியது. முதல் நாளுக்குப் பதிவு செய்த பொதுமக்கள் நால்வர். அவர்களில் மூவர் சுராடியின் மச்சான்கள். நான்காவது ஆள் துமினி. ஒன்பதுக்கு மேல், அறுபதுக்குக் கீழ், உள்ளூர் அடையாள அட்டை. எல்லாத் தகுதியும் உள்ள 'முன்மாதிரிப் பார்வையாளர்' என்று முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

மேடையைக் கரடிக் கூண்டுக்கு எதிரே போட்டிருந்தார்கள். நிழல் அங்கேதான் நன்றாக இருந்தது. நாற்காலிக்கு ஒன்றாக ஐம்பது வெள்ளைப் பெட்டிகள்.

மெனிக் அதைப் பார்த்தது. ஒரு பெட்டியைப் பார்த்தே எழுந்து நிற்கும் கரடி, ஐம்பது பெட்டியைப் பார்த்தால் என்ன செய்யும்? கம்பியருகே வந்து பின்னங்கால்களில் எழுந்தது. முன்கால்கள் இரண்டையும் நெஞ்சில் மஞ்சள் பிறைக்கு மேல் சேர்த்தது. தலையைத் தாழ்த்தியது. தளர்ச்சியில் கால் லேசாக நடுங்கியது. ஆனாலும் முன்கால்களைக் கீழே விடவில்லை.

"அட!" என்றார் இபு ஹெர்மின். "கை குலுக்காம, தொடாம, கைகூப்பி வணக்கம் சொல்லுது பாருங்க! கரடிகூட நெறிமுறையக் கடைப்பிடிக்குதே!"

எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். இபு ஹெர்மின் பதிலுக்குக் கைகூப்பினார். மெனிக் இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தது. கைதட்டல் இரண்டு மடங்கானது.

"எப்படி பாக் விர்யவான் இது?"

"ரெண்டு மாசப் பயிற்சி, இபு," என்றார் இயக்குநர் அடக்கமாக.

துமினி திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். பொனிமான் ஒலிபெருக்கிக் கம்பத்தின் ஓரத்தில், புதுச் சட்டையில், விதிகள் எழுதிய தாளோடு நின்றிருந்தார்.  

இயக்குநர் பேசினார். உலகத்தைப் பற்றிப் பேசினார். பூட்டைப் பற்றிப் பேசினார். ஒட்டகத்தின் கழுத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் எங்கிட்ட ஒண்ணு கேக்கறாங்க. முப்பத்தொரு கூட்டம் நடத்தினீங்களே, செலவுக்கு என்ன செஞ்சீங்கன்னு. பெருமையாச் சொல்றேன். அரசாங்கத்துகிட்ட ஒரு ரூபியா கூடுதலாக் கேக்கல. எங்க ஒதுக்கீட்டுல எல்லாத் தலைப்பையும் நிறுத்தி வச்சுட்டாங்க. 'உணவு'ன்னு ஒரு தலைப்பு மட்டும் உயிரோட இருந்தது. பக்கத்துல 'விலங்குகளுக்கு'ன்னு சின்ன எழுத்துல இருந்தது, வாஸ்தவம். ஆனா உணவுன்னா உணவுதான? கூட்டம் கூடக்கூடத் தீவன வண்டிய ஒவ்வொரு நடையாக் குறைச்சோம். கூட்டத்துக்குப் பெட்டி தடையில்லாம வந்தது. இதுக்குப் பேர்தான் நல்லாட்சி."

கைதட்டல் மரக்கிளையில் இருந்த காக்கைகளைக் கிளப்பிவிட்டது.

பொனிமான் மட்டும் தட்டவில்லை. மூன்று நடை வண்டி. ஒட்டகம். இரண்டு நடை. முதலை. ஒரு நடை. ஒவ்வொரு முறை கை உயர்த்தியபோதும் அவர் மெனிக்கின் தட்டிலிருந்து எடுத்து, இருபது பேருக்குப் பரிமாறி, மிச்சத்தை அதற்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதுவும் அந்தக் கையையே நன்றியோடு நக்கியிருக்கிறது.

"இப்போது நம் நெறிமுறைத் துணைத்தலைவர் பார்வையாளர் உறுதிமொழியை வாசிப்பார்," என்று இபு ரெத்னோ அறிவித்தாள்.

ஒலிபெருக்கி அவர் முன்னால் வந்தது. பொனிமான் தாளைப் பார்த்தார். எழுத்து எதுவும் கண்ணில் நிற்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருடமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த சொற்கள் எழுந்து நிற்கப் பார்த்தன.

"நேத்து..." என்றார். "நேத்து நல்ல மழை, பாக்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல தொடக்கம். இபு ஹெர்மின்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டார். உண்மையில் ஒரு வாரமாக ஒரு சொட்டு விழவில்லை.

"நெல்லுக்கு நல்லது," என்றார் பொனிமான்.

மறுபடியும் தலையாட்டல். கூண்டுக்குள் மெனிக்கின் பின்னங்கால்கள் நடுங்கின. ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பியில் தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு மறுபடி நெஞ்சோடு கால்களைச் சேர்த்தது.

முதல் வரிசையிலிருந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, விதி எண் நான்கை மீறி, முன்மாதிரிப் பார்வையாளரின் குரல் வந்தது.

"பாக்கே! மழை போதும்!"

அந்தக் குரலில் அவளுடைய அப்பா இருந்தார்.

பொனிமான் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு மேலதிகாரியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

"பாக். மெனிக்கு வணக்கம் சொல்லல. அதுக்கு வணக்கம் சொல்லத் தெரியாது. அது கேக்குது. ஏப்ரல்லேருந்து நான் உங்க ரூம்ல வந்து நின்னு நின்னு கேக்காமப் போனத, அது கூச்சமில்லாமக் கேக்குது. நானும் கேக்கறேன், பாக். நாம தின்னது போதும். அதோட சாப்பாட்ட அதுக்குக் குடுங்க."